கர்லா பயில்வான் தோற்ற வெள்ளிக்கிழமை

வலது கையில் ஓர் இரும்புத் தடி. எதிரே, இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இடது உள்ளங்கையில் மூடி திறந்த என் கடிகாரம். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

திருத்தணி நந்தியாற்றங்கரைத் திடலில், வைக்கோல் பரப்பி மேலே கித்தான் இழுத்துக் கட்டிய மேடையில், எங்கள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் முனிரத்தினம், கர்லா பயில்வானை இடுப்போடு அணைத்துத் தூக்கினான். அவ்வளவு பெரிய உடம்பு தரையை விட்டு எழும்பியதும் ஜனங்களின் சத்தம் நின்றுபோனது. வேர்க்கடலை விற்றவன்கூடத் தட்டை இறக்கிவிட்டுப் பார்த்தான்.

அடுத்த நொடி பயில்வான் மல்லாக்க விழுந்தார். மேடைப் பலகை அதிர்ந்து புழுதி கிளம்பியது. அதே நொடியில் என் கை தானாக ஓங்கித் தண்டவாளத்தை அடித்தது.

விழுந்தது முதலிலா, மணி முதலிலா? அந்த இடத்திலிருந்து எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. இன்னும் தீரவில்லை.

தேதி கறையானுக்குத் தெரியும்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். தேதி இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஆனால் இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் என்னால் தேதி தர முடியவில்லை. அந்த வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் கறையான் ஏறிவிட்டது. எஞ்சிய பக்கத்தில் "வெள்ளி. மாலை 5-52" என்று இருக்கிறது. மேல் ஓரம் முழுக்கப் போய்விட்டது.

சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். யுத்த காலம் என்பது நிச்சயம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் பெட்ரோமாக்ஸ்கள் தூங்கிய காலம். அதனால்தான் குஸ்தியைப் பொழுது சாய்வதற்குள் முடித்தார்கள். பஸ்கள் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து நம் ஊருக்குக் குடிவந்தவர்கள் பாதிப்பேர் திரும்பிப் போயிருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. மலைப்படியில் காவடிக் கூட்டம் தொடங்கவில்லை.

இத்தனை அடையாளம் வைத்தும் இரண்டு வருஷங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

மூன்று தோல்விகளும் ஒரு தோல்வியும்

கர்லா பயில்வான் எந்த ஊர்க்காரர் என்பதும் தெளிவில்லை. சேலம் என்பார்கள், குண்டூர் என்பார்கள். கர்லாக் கட்டையை மூங்கில் குச்சிபோலச் சுழற்றுவார் என்பதால் அந்தப் பெயர். ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போனார். நோட்டீஸில் "தோல்வி அறியாத" என்று போட்டிருக்கும்.

அது பொய். நோட்டீஸ், பழைய பத்திரிகை, ரயிலில் வந்துபோகிறவர்கள் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதன்படி அவர் அதற்கு முன் மூன்று முறை தோற்றிருக்கிறார். அரக்கோணத்தில் கண்ணில் மண் விழுந்து. சித்தூரில் காய்ச்சலோடு இறங்கி. வேலூரில் ரெபரி சொன்னதைக் கேட்காததால்.

மூன்றையும் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த வாரமே மறுபோட்டி நடந்திருக்கிறது. அதில் முன்னைவிட இரண்டு பங்கு கூட்டம். எல்லாவற்றிலும் பயில்வானுக்கே ஜெயம். ஆகவே மூன்றும் பேசி வைத்த தோல்விகள் என்று பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன்.

முடிவெட்டும் கங்கன் ஒப்புக்கொள்ளமாட்டான். "பேசி வச்சு விழுறதுக்கு அவரு இன்னா கூத்தாடியா சார்? காய்ச்சல்ல இறங்கிப் பாருங்க தெரியும்" என்பான், கத்தி என் கழுத்தில் இருக்கும்போதே.

திருத்தணித் தோல்வி நான்காவது. அதற்கு மறுபோட்டி நடக்கவில்லை. மறுநாளே குழு மூட்டை கட்டிவிட்டது. அப்படியானால் அது ஒன்றாவது நிஜமா?

தோற்காத ஒருவர்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் பக்கத்தில், என் தகப்பனார் காலத்தில், ஒரு சிறு ஜமீன்தார் இருந்தாராம். அவருக்குக் குஸ்திப் பைத்தியம். வெளியூரிலிருந்து வருகிற எந்த மல்லனையும் விடமாட்டார், தானே கோதாவில் இறங்கிவிடுவார். ஒரு முறைகூடத் தோற்றதில்லை. யார் தோற்கடிப்பார்கள்? தோற்றவனுக்கு வேட்டியும் சாப்பாடும் உண்டு. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதுகூட, "என் முதுகில் மண் பட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மண் படவில்லைதான். ஆனால் அவர் ஒரு முறையாவது ஜெயித்தாரா என்று கேட்டால் என்ன சொல்வது? ஜெயமும் தோல்வியும் எதிரெதிர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஜமீன்தார் கதையைக் கேட்ட பிறகு அதுவும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

முனிரத்தினத்தின் வழக்கு

முனிரத்தினத்துக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். மூட்டையைத் தோளில் வாங்கிய உடனே எடை சொல்வான். "சார், இதுல மூணு ராத்தல் கொறையுது" என்பான். தராசில் போட்டால் மூன்று ராத்தல் குறைந்திருக்கும். கூட்ஸ் கிளார்க்கான எனக்கு அவன் தோள் பாதித் தராசு.

அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி கன்னியம்மா கனகம்மாசத்திரத்துக்காரி. அந்தச் சமயம் அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள், போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. காரணம் குஸ்தி. எந்த ஊர்த் திருவிழாவில் கோதா போட்டாலும் இவன் கிளம்பிவிடுவான். ஒரு முறை தோள்பட்டை இறங்கி வந்து இரண்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தான். அதோடு அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதில் வேடிக்கை, அவளுடைய அப்பா வீராசாமியே பழைய பயில்வான். வீட்டின் பின்புறம் சொந்தக் கோதா வைத்திருந்தவர். முனிரத்தினத்துக்குப் பெண் கொடுத்ததே அவன் பிடியைப் பார்த்துத்தான். அவர் போட்ட நிபந்தனையை முனிரத்தினம் என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டுவான்.

"டேய், ஒரு நெசமான பயில்வானை ஜெயி, அத்தோட குஸ்திய வுட்டுட்டு லங்கோட்டை அவுத்து வச்சுடு. இல்ல, ஜெயிக்காமலே அவுத்து வச்சுடு. ரெண்டுல ஒண்ணு பண்ணிட்டு வந்து கூட்டிகினு போ."

"இரண்டாவது சுலபமாச்சே, முனிரத்தினம்."

"சுலபந்தான் சார். ஆனா தோத்துட்டு வந்து நிக்கிறான்னு அவ பாப்பாளே."

இந்தச் சமயத்தில்தான் கர்லா பயில்வான் குழு வந்து, உள்ளூர்க்காரர் யாரும் இறங்கலாம் என்று தண்டோரா போட்டது.

மணி

ஊரிலேயே சரியான நேரம் காட்டுவது ரயில்வே கடிகாரம்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டு மணி அடிக்க உட்கார வைத்தார்கள். ரெபரி முன்னாலேயே சொன்னார்: "இரண்டு தோளும் தரையில் ஒட்டியிருக்க வேண்டும். நான் மூன்று எண்ணுவேன். எண்ணி முடித்துக் கை தூக்கினால்தான் அடிக்க வேண்டும். புரிந்ததா?" புரிந்தது என்று தலையாட்டினேன்.

ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. மண் கோதாவில் எண்ணிக்கை கிடையாது. முதுகில் மண் பட்டால் முடிந்தது. பட்ட நொடியில் மேளக்காரர் ஓர் அடி அடிப்பார். ஜெயித்தவன் கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவன் நான். முதுகு விழுந்ததும் என் கைக்கு ரெபரி ஞாபகம் வரவில்லை.

முனிரத்தினத்துக்கும் வரவில்லை. மேலே விழுந்து அமுக்க வேண்டியவன், மரியாதையாகக் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஜனங்கள் மேடையை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்களும் மண் கோதா பார்த்து வளர்ந்தவர்கள்தானே. நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்தோம்.

ரெபரி இன்னும் "ஒன்று" கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். குழுவின் மேனேஜர் துரைசாமி ஓடிவந்து, "யாருய்யா உன்னை அடிக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

கர்லா பயில்வான் படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற பார்வை. பிறகு முனிரத்தினம் நீட்டிய கையைப் பிடித்து எழுந்து, அதே கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"விடுப்பா. மணி அடிச்சாச்சு" என்று மேனேஜரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

கனம்

சனிக்கிழமை காலை முனிரத்தினம் ஷெட்டுக்கு வந்தான். கழுத்தில் நேற்றைய மாலை இல்லை, முகத்தில் களையும் இல்லை. சக கூலிகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "வாங்க கர்லாவைப் போட்ட கர்லா!" என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் மேஜைக்கு வந்தான்.

"என்னப்பா, கனகம்மாசத்திரத்துக்குக் கிளம்பலையா?"

"எப்டி சார் போறது? அந்த ஆளைத் தூக்கனப்போ கனமே இல்ல."

"என்ன சொல்கிறாய்?"

"முந்நூறு ராத்தல் இருப்பாரு சார். ஒரு மூட்டை வரமாட்டேன்னு சொன்னா தோளுக்குத் தெரியும். இவரு காலி மூட்டை கணக்கா வந்தாரு. வுட்டுக் குடுத்துட்டாரு சார். மாமா கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"முதுகு பட்டது. அதை நானே பார்த்தேன்."

"பட்டது சரி. நான் போட்டனா?"

அதற்குப் பதில் தெரிந்தவர் அன்றைக்கு என் ஷெட்டுக்கே வர வேண்டியிருந்தது. குழுவின் கித்தான், மூங்கில், பலகை எல்லாம் கூட்ஸில் புக் செய்யப்பட்டிருந்தன.

பதினோரு மணிவாக்கில் கர்லா பயில்வான் தனியாக வந்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்த்தால் வயது தெரிந்தது. காதுகள் நசுங்கிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தன. நான் ரசீது எழுதிக்கொண்டே சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"நேற்று நீங்கள் நிஜமாகத் தோற்றீர்களா?"

அவர் என் பேனாவைப் பார்த்தார்.

"பேச்சு வேற பாபு. பத்து நிமிஷம் இழுத்து, அப்புறம் நான் அவனைப் போடணும். அதுதான் மேனேஜர் சொன்னது. அந்தப் பையனுக்குத் தெரியாது."

"அப்படியென்றால் நீங்கள் தோற்பதாகப் பேச்சே இல்லை!"

"இல்ல."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அப்போது நிஜமான தோல்விதான்."

"இருங்க பாபு. எங்க தொழில்ல ஒருத்தன் தூக்கினா, தூக்கப்படுறவன் கூடவே எகிறணும். இல்லன்னா அவன் இடுப்பு போயிடும், எனக்குக் கழுத்து போயிடும். இருபது வருஷமா எகிறி எகிறி, இப்ப என்னைக் கேக்காமலே உடம்பு எகிறிடுது. நேத்தும் எகிறிடுச்சு."

"அதனால்தான் அவனுக்குக் கனம் தெரியவில்லையா?"

"அதனாலயும் இருக்கலாம். பிடி சுத்தமா விழுந்தாலும் கனம் தெரியாது. பையன் பிடி சுத்தமான பிடி. எதுன்னு எனக்கே தெரியல." முதுகைத் தடவிக்கொண்டார். "விழுந்ததும் புரண்டிருப்பேன். அதுக்குள்ள நீங்க அடிச்சிட்டீங்க."

நான் ரசீதை நிறுத்திவிட்டேன். "நான் தப்பாக அடித்தேன் என்று சொல்லியிருக்கலாமே. மறுபடி ஆடியிருக்கலாமே."

"ஜனம் எல்லாம் எந்திரிச்சு நின்னாச்சு. அப்ப நான் இல்லன்னு சொன்னா, நாளைக்கு நெசமா ஜெயிக்கிறதைக்கூட ஒருத்தனும் நம்பமாட்டான்."

"நீங்கள் நிஜமாகத் தோற்றதே இல்லையா?"

"சின்ன வயசுல, எங்க ஊரு கோதாவுல தோத்திருக்கேன். வாயெல்லாம் மண்ணு. அது நல்லா ஞாபகம் இருக்கு." எழுந்தார். "இந்தத் தொழிலுக்கு வந்தப்புறம் எது தோல்வின்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல பாபு."

மறுபோட்டிக்கு மேனேஜர் எவ்வளவோ கெஞ்சியும் இவர்தான் மறுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டார். பட்டியலில் நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு மற்ற மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் இருந்த பென்சில் குறிப்புகளையும் அழித்தேன்.

சத்திரத்தில்

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் என்னையும் இழுத்துக்கொண்டு கரி பஸ் ஏறினான். அந்த பஸ் மேடு வந்தால் நின்றுவிடும், நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். வழியெல்லாம் முனிரத்தினம் மாமனாரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே தள்ளினான்.

வீராசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஆனால் தோள் இன்னும் இறங்கவில்லை. செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"வாடா. கர்லாவைப் போட்டியாமே? ஊரே சொல்லுது."

"தெரியல மாமா."

"இன்னா தெரியல?"

முனிரத்தினம் எல்லாவற்றையும் சொன்னான். கனம் இல்லாததை, பயில்வான் எகிறியதாக என்னிடம் சொன்னதை, என் மணியை. எதையும் மறைக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் கன்னியம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். அவனைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் என் பக்கம் திரும்பினார். "மணி அடிச்சவர் நீங்கதானே சார். முதுகு பட்டுச்சா?"

"பட்டது."

"இவன் போட்டானா, அவன் விழுந்தானா?"

"அதுதான் எனக்குத் தெரியவில்லை."

"நல்லா பாத்தீங்க, போங்க!" என்று கடலைத் தோலை ஊதித் தள்ளினார். பிறகு மருமகனிடம், "ஜெயிச்சேன்னு பொய் சொல்லிட்டு கூட்டிகினு போயிருக்கலாமேடா, முட்டாளு."



கிழவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வேட்டியை வரிந்து கட்டினார். "வா பின்னால."

"எதுக்கு மாமா?"

"கர்லா நெசமான பயில்வானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் நெசமான பயில்வான். என்னைப் போட்டா அவளைக் கூட்டிகினு போ. போடலன்னா நீ மட்டும் பஸ் ஏறு."

"வேணாம் மாமா. உங்க மேல எப்டி..."

"கை வைக்க பயமா இருந்தா லங்கோட்டைக் கழட்டிட்டு, தோத்துட்டேன்னு சொல்லு. அவளும் கேக்கட்டும்."

கோதா மண் கொத்தி நாளாகி இறுகியிருந்தது. கிழவர் குனியாமல் காலாலேயே கொஞ்சம் மண்ணைக் கிளறிவிட்டார். தொடையைத் தட்டினார். ஓசை நன்றாகவே எழுந்தது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். இந்த முறை எதையும் தவற விடக்கூடாது என்று கண் இமைக்காமல் பார்த்தேன்.

இருவரும் கழுத்தில் கை போட்டார்கள். முனிரத்தினம் முதலில் தயங்கினான். கிழவர் அவன் பிடரியில் ஓர் அறை விட்டார். நிஜமான அறை. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அவன் உள்ளே புகுந்து இடுப்பைப் பிடித்தான். கிழவர் காலை ஊன்றினார். பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. இரண்டு மூச்சு நேரம் இருவரும் அசையவில்லை. பிறகு கிழவர் சாய்ந்தார். முனிரத்தினம் அவர் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, மெதுவாக மல்லாத்தினான்.

முதுகில் மண் பட்டது.

கிழவர் படுத்தபடியே கேட்டார். "இந்த வாட்டி கனம் இருந்துச்சாடா?"

"இருந்துச்சு மாமா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப இருந்துச்சு."

"ஆங். அப்புறம் இன்னா? கன்னியம்மா, பொட்டியை எடும்மா."

முனிரத்தினம் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை. "காத்து நல்லா வருது, கொஞ்சம் படுத்திருக்கேன். நீங்க பஸ்ஸைப் பாருங்க" என்றார்.

பஸ் நிற்கும் இடம்

முனிரத்தினம் அன்றோடு குஸ்தியை விட்டான், சொன்ன வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினான். இப்போது அவர்களில் யாரும் இல்லாததால் இதைச் சொல்கிறேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முனிரத்தினம் பஸ்ஸின் கூரைமேல் ஏறித் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே நானும் கன்னியம்மாவும் நின்றோம். அடுப்பில் கரியைக் கிளறியதால் ஒரே புகை. அவள் கண்ணைத் துடைத்ததற்குப் புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

"சார், அவருகிட்ட சொல்லாதீங்க. நைனாவுக்கு இடுப்பு புடிச்சுகினு நாலு மாசமாச்சு. குனிய முடியாது. ஒரு பச்சப் புள்ள தள்ளினாலும் விழுந்துடுவாரு."

"அப்படியானால் அவர் வேண்டுமென்று விழவில்லை. நிஜமாகவே தோற்றார்."

"நெசமாத்தான் தோத்தாரு. பல்லைக் கடிச்சுகினு நின்னாரே, பாக்கல? தோத்துடுவோம்னு தெரிஞ்சுதான் எறங்கினாரு."

அது நியாயமான தோல்வியா, விட்டுக் கொடுத்த தோல்வியா? இரண்டாகவும் தெரிந்தது. இரண்டாகவும் இல்லை. கேட்க நினைத்து வாயைத் திறந்தேன். கண்டக்டர் ஏறச் சொன்னார். மேலிருந்து முனிரத்தினம், "கன்னி, ஏறிக்கோ, எடம் போயிடும்!" என்று சந்தோஷமாகக் கூவினான்.

அவள் ஒரு காலைப் படியில் வைத்தவள், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ ஒரு செம்பு விழுந்தாக்கூட நான்தான் சார் எடுத்துக் குடுக்கணும். இப்ப மண்ணுல படுத்துனு கீறாரே, அவரை யாரு தூக்குவாங்க?"